வலது மூலை வெட்டிய கார்டு

“இது இல்லீங்க” என்று நான்காவது கடையிலும் அமல்ராணி சொன்னாள்.

கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் எடுத்து வைத்தது சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் இருந்தது. “மெமரி கார்டுன்னா இதாங்க. நாலு ஜிபி இருக்கு, எட்டு ஜிபி இருக்கு. எந்த போனுக்கு?”

“போனுக்கு இல்ல. கீபோர்டுக்கு.”

“கம்ப்யூட்டர் கீபோர்டுக்கு எதுக்கு கார்டு?”

“வாசிக்கிற கீபோர்டுங்க.” அவள் பத்து விரல்களையும் மேசைமேல் ஓட்டிக் காட்டினாள். பிறகு கைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள். மல்லாட்டை மண்டியின், அதாவது வேர்க்கடலை மண்டியின் எடைச்சீட்டு. அதன் பின்பக்கத்தில் அவள் கணவர் பாக்கியராஜ் ஒருக்களித்துப் படுத்தபடியே எழுதியிருந்தார். ஸ்மார்ட் மீடியா. 3.3 வோல்ட் மட்டும். 128 எம்பிக்கு மேல் வேண்டாம். வலது மூலை வெட்டியிருக்க வேண்டும். ‘வலது மூலை’ என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

கடைக்காரர் சீட்டைப் படித்துவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தார். “இதெல்லாம் நின்னு போயி ஏழெட்டு வருஷம் ஆவுதும்மா. மெட்ராஸ்லயே கிடைக்குமோ என்னவோ. பழைய டிஜிட்டல் கேமராவுல போடுவாங்க. ஸ்டூடியோவுல கேட்டுப் பாருங்க. இப்படியே போனீங்கன்னா சக்கரபாணின்னு ஒருத்தர் மாடியில வெச்சிருக்காரு.”

அமல்ராணி நேருஜி ரோட்டில் இறங்கி நடந்தாள். மணி பதினொன்று ஆகப்போனது. கரண்ட் இல்லை. கடைக்குக் கடை ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் விழுப்புரம் பக்கமெல்லாம் கரண்ட் இரண்டு மணி நேரம் இருந்தால் இரண்டு மணி நேரம் இருக்காது.

பாக்கியராஜின் கவலையும் அதுதான். திண்டிவனத்து வீட்டில் அவர் படுத்து மூன்று மாதம் ஆகிறது. நுரையீரலில் கட்டி. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, வலிக்கு மாத்திரை கொடுத்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மண்டியில் இருபது வருஷம் மூட்டை எடை போட்டவர், இப்போது அவரே ஓர் அரை மூட்டை கனம்தான் இருப்பார். கட்டிலிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் ஸ்டாண்டின் மேல் கீபோர்டு இருந்தது. அதற்குள் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி உண்டாம். கரண்ட் இல்லாத நேரத்தில் அவர் பதிந்து வைத்ததையெல்லாம் அதுதான் தாங்கிப் பிடித்திருக்கிறதாம். அது தீரப்போகிறது என்று ஒவ்வொரு தடவை கரண்ட் வரும்போதும் திரையில் எழுத்து வருகிறது. பேட்டரியை மாற்றினாலும் எல்லாம் போய்விடும். அதற்குமுன் ஒரு கார்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இருந்த ஒரே கார்டு, அப்பளம் மாதிரி மெல்லிசு, போன வருஷம் உருவும்போது விரிசல் விட்டுவிட்டது.

இதையெல்லாம் அவர் அவளிடம் சொன்னதே இந்த ஒரு வாரமாகத்தான்.

தொண்ணூற்று மூன்றில் கல்யாணம். பிள்ளை இல்லை. இந்தக் கீபோர்டு வந்து ஒன்பது வருஷம். புதுச்சேரியில் ஓட்டலில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு எடுத்துப் போவார். மற்ற நாளெல்லாம் மண்டியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அடுத்த வீட்டில் ராத்திரி ஷிப்ட் போகிற ஒருவர் இருந்தார். தூங்க முடியவில்லை என்று வந்து சொன்னார். மறுநாளே பாக்கியராஜ் ஹெட்போன் வாங்கி வந்தார். அந்த வீட்டுக்காரர்கள் காலி பண்ணிப் போய், கோவிந்தம்மாள் குடும்பம் குடிவந்து, கோவிந்தம்மாளின் மகள் பெரியவளும் ஆகிவிட்டாள். ஹெட்போன் மட்டும் கழலவில்லை. அமல்ராணிக்குக் கேட்பதெல்லாம் டக் டக்கென்று கட்டைகள் அமுங்கி எழும் சத்தம் மட்டும்தான். ஒரு தடவை, கீபோர்டு வந்த புதிதில், “என்ன வாசிக்கிறீங்க?” என்று கேட்டாள். ஒரு காதை மட்டும் விலக்கி, “சும்மா” என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

இன்று காலை கஞ்சி இரண்டு வாய் இறங்கியது. அதற்குமேல் தலையைத் திருப்பிக்கொண்டார். முகையூரிலிருந்து வந்து ஒரு வாரமாகக் கூடவே இருக்கும் அவருடைய அக்கா சவுரியம்மாள், “இந்த நெலமையில அவன விட்டுட்டு விழுப்புரம் போவணுமா? இன்னா அவ்ளோ பெரிய பொருளு அது?” என்றாள்.

அமல்ராணி அவரைப் பார்த்தாள். திண்டிவனத்தில் இரண்டு நாள் தேடியாகிவிட்டது.

“போயிட்டு வா” என்றார் அவர். மூச்சு வாங்கிக்கொண்டு, “மத்தியானத்துக்குள்ள வந்துடுவ இல்ல?” என்றார்.

“வந்துடுவேன்.”

அமாவாசை. பாதி பஸ்ஸை மேல்மலையனூர் கோயிலுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் நின்றபிறகுதான் விழுப்புரம் பஸ் கிடைத்தது.

சக்கரபாணியின் ஸ்டூடியோ மரப்படி ஏறிப் போக வேண்டியதாக இருந்தது. அறுபது வயதுக்காரர். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்தில் பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்தார். சீட்டை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் படித்தார். எழுந்து, அலமாரியின் கீழ்த்தட்டில் துணி மூடிக் கிடந்த ஒரு கேமராவை எடுத்து, அதன் பக்கவாட்டுக் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து கறுப்பாக, தகடு மாதிரி ஒன்று வெளியே வந்தது. ஒரு முகத்தில் பாதிக்குமேல் தங்க நிறம்.

அமல்ராணி அதன் மூலையைத்தான் முதலில் பார்த்தாள். “தங்கம் நம்மளப் பாத்தா மாதிரி வெச்சா வலது பக்கம் வெட்டியிருக்கணும்னு சொன்னாரு.”

“வலதுதான். அறுபத்து நாலு. உங்களுக்கு ஆவும்” என்றார் சக்கரபாணி. “ஆனா உள்ள படம் கெடக்கும்மா. அதும் இல்லாம பத்து வருஷத்துப் பொருளு. உயிரோட இருக்குதான்னே தெரியாது. கரண்ட் வந்துச்சுன்னா கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்து, தொடச்சிக் குடுத்துடுவேன்.”

“எப்ப வரும்?”

“பன்னெண்டுக்கு வரணும்.”

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றே கால். வேலை செய்யாத கார்டை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிற்பதை நினைத்துப் பார்த்தாள். வீட்டுக்கு போன் போட்டாள். சவுரியம்மாள்தான் எடுத்தாள்.

“எப்படி இருக்காரு, அண்ணி?”

“தூங்கிக்கினு இருக்கான். கெடச்சுதா?”

“கெடச்சுடுச்சு. ஒரு மணி நேரத்துல பஸ் ஏறிடுவேன்.”

படம் எடுக்க வருகிறவர்கள் உட்காரும் மரநாற்காலியில் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே மின்விசிறி நின்றிருந்தது. சக்கரபாணி மறுபடியும் படங்களை வெட்டத் தொடங்கினார்.

“வாசிக்கிறது யாரு?”

“எங்க வீட்டுக்காரரு.”

“சினிமாப் பாட்டா, கோயில் பாட்டா?”

“கோயில்ல வாசிப்பாரு” என்றாள்.

பன்னிரண்டுக்கு வரவில்லை. பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் என்று கடந்து, பன்னிரண்டு இருபதுக்கு மின்விசிறி முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. கீழே ரோட்டில் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கம்ப்யூட்டர் உயிர் பெற இன்னும் ஐந்து நிமிஷம் ஆனது. யாருடைய வீட்டுக் காதுகுத்தோ திரையில் வந்தது. மாமன் மடியில் மொட்டைத்தலைக் குழந்தை வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தது. “கார்டு நல்லா இருக்கும்மா” என்றார் சக்கரபாணி. கடைசியாக ஒருமுறை எல்லாப் படத்தையும் ஓட்டிப் பார்த்துவிட்டு அழித்தார். பாஸ்போர்ட் படம் போட்டுக் கொடுக்கும் சின்னக் காகித உறையில் கார்டைப் போட்டு, “மடங்காம பாத்துக்கோங்க” என்று கொடுத்தார்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. உறையை இரண்டு விரலில் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். விக்கிரவாண்டி தாண்டியதும் போன் அடித்தது.

“எங்க இருக்க?” சவுரியம்மாள்.

“விக்கிரவாண்டி தாண்டிட்டேன், அண்ணி. இன்னும் அரை மணி நேரத்துல...”

“சரிம்மா. பதட்டப்படாம வா.”

போன் நின்றுவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் சவுரியம்மாள் அவளை ஒருநாளும் ‘அம்மா’ போட்டுப் பேசியதில்லை. அமல்ராணி கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கூட்டேரிப்பட்டில் ஒரு ஸீட்டு காலியானது. பக்கத்தில் நின்ற பெண், “உக்காருங்கக்கா” என்றாள். அவள் உட்காரவில்லை.

வாசலில் செருப்புகள் கிடந்தன. கோவிந்தம்மாள்தான் ஓடி வந்து அவள் தோளிலிருந்து பையைக் கழற்றிக்கொண்டாள். கையிலிருந்த உறையையும் வாங்கப் பார்த்தாள், அமல்ராணி கொடுக்கவில்லை.

பாக்கியராஜின் வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள். கைகளைச் சேர்த்து ஜெபமாலை சுற்றியிருந்தது. அவருடைய விரல்கள் நீளம். கட்டைவிரல் இரண்டும் நூல் போட்டுக் கட்டியதில் லேசாக நீலம் பாய்ந்திருந்தன.

“எத்தினி மணிக்கு?” என்று கேட்டாள்.

“பன்னெண்டு பத்து இருக்கும்” என்றாள் சவுரியம்மாள்.

அமல்ராணி தலையாட்டினாள். அந்த நேரத்தில் ஸ்டூடியோவில் விசிறி ஓடவில்லை. சக்கரபாணி யாரோ ஒரு பையனின் படத்தை வெட்டிக்கொண்டிருந்தார். அவள் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வந்தவர்களெல்லாம் ஒன்றையேதான் கேட்டார்கள். புருஷன் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது எங்கே போனாய்? “ஒரு கார்டு வாங்க” என்றாள். ஏடிஎம் கார்டா என்றார் ஒருவர். காப்பீட்டுத் திட்ட அட்டையாக இருக்கும் என்று அவர் மனைவி விளக்கம் சொன்னாள். மூன்றாவது ஆள் கேட்டபோது சவுரியம்மாள் எழுந்து நின்றாள். “அவன்தான் அனுப்பினான். என் கண்ணெதுர்ல அனுப்பினான். போதுமா?” என்றாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

நான்கு மணிவாக்கில் ஐஸ் பெட்டி வந்தது. கொண்டுவந்தவர் பெட்டியை நடுக்கூடத்தில் வைத்துவிட்டு ஒயரை இழுத்துக்கொண்டு சுவரோரமாகப் போனார். அந்த வீட்டில் பெரிய பிளக் ஒன்றுதான் உருப்படியாக இருந்தது. அதில் கீபோர்டின் ஒயர் செருகியிருந்தது. ஸ்டாண்டின் மேலே திரை பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து அதை யாரும் அணைக்கவில்லை. அவர் பிளக்கில் கை வைத்தார்.

“அதப் புடுங்காதீங்க!”

அதுவரை வாய்விட்டு அழாதவள் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது. வந்தவர் கையை எடுத்துவிட்டார்.

“இன்னாடி இது?” என்றாள் சவுரியம்மாள், தணிந்த குரலில். “நாளைக்குத்தான் அடக்கம். அதுவரைக்கும் ஒடம்பு தாங்க வேணாமா?”

“வேற எங்கயாவது குடுக்கச் சொல்லுங்க, அண்ணி. அது மட்டும் வேணாம்.”

“அப்படி இன்னாதான் இருக்குது அதுல?”

என்ன இருக்கிறது என்று அமல்ராணிக்கும் தெரியவில்லை. சுவரோடு போய் பிளக்கை மறைத்த மாதிரி நின்றுகொண்டாள். அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஒருத்தி இன்னொருத்தியின் காதில் சொன்னது அவளுக்கே கேட்டது. கோவிந்தம்மாள்தான் எதுவும் கேட்காமல் தன் வீட்டுக்குப் போய், ஜன்னல் வழியாக ஒரு நீள ஒயரை உள்ளே விட்டாள். ஐஸ் பெட்டி அதில் ஓடியது. ஆறு மணிக்குக் கரண்ட் போனபோது வெளியே ஜெனரேட்டர் போட்டார்கள். பெட்டிக்குள் குளிர் நின்றது. மூலையில் பச்சைத் திரை இருண்டுபோனது.

ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது எட்டு மணிக்குக் கரண்ட் வந்தது. திரை தானாக எரிந்தது. தூரத்திலிருந்து எழுத்து தெரியவில்லை. எல்லோரும் ‘அருள் நிறைந்த’ என்று தொடங்க, அமல்ராணி முழந்தாளில் இருந்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பேட்டரி தீரப்போகிறது என்கிற பழைய இரண்டு வரிதான். பதிந்தது இன்னும் போகவில்லை.

மறுநாள் அடக்கப் பூசையில் கோயில் ஆர்மோனியத்தை வைத்துத்தான் பாடினார்கள். பாடல் குழுவைப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கிய ஜெனித், தான் மாஸ்டர் என்று கூப்பிடும் பாக்கியராஜின் கீபோர்டிலேயே வாசித்து அவரை அனுப்பலாம் என்று நினைத்து வீட்டுக்கு வந்து கேட்டுப் பார்த்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துத் திரும்பிப் போயிருந்தார். கல்லறையில் மண் போட்டுத் திரும்பும்போது அவரிடம் போய், “வியாழக்கிழம வீட்டுக்கு ஒரு நட வர்றீங்களா, தம்பி? ஒரு வேல இருக்குது” என்றாள். கூட்டுறவு சங்கத்தில் வேலை அவருக்கு. லீவு போட்டுவிட்டு வருவதாகச் சொன்னார்.

புதன்கிழமை உறவினர்கள் போய்விட்டார்கள். சவுரியம்மாள் மட்டும் இருந்தாள். மாலையில் இரண்டு பேரும் பின்கட்டில் பாத்திரம் துலக்கினார்கள். அமல்ராணி ஒரு குண்டானைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“என்னையக் கேட்டாரா, அண்ணி?”

சவுரியம்மாள் கழுவிய டம்ளரை மறுபடியும் கழுவினாள்.

“தண்ணி கேட்டான். குடுத்தேன். அப்புறம் கரண்ட் வந்துடுச்சான்னு கேட்டான்.”

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“வந்துடும்னு சொன்னேன்.”

குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. வாளியில் இருந்ததை வைத்து மீதியைக் கழுவி முடித்தார்கள்.

வியாழக்கிழமை காலை கரண்ட் வந்த கையோடு ஜெனித் வந்தார். கீபோர்டின் முன்னால் உட்கார்ந்து, திரையில் வந்த வரிகளைப் படித்து, “பேட்டரி இன்னிக்கோ நாளைக்கோங்க. நல்ல நேரத்துல கூப்ட்டீங்க” என்றார். உறையிலிருந்து கார்டை எடுத்து, வெட்டிய மூலையைப் பார்த்து, பின்பக்கச் சந்தில் செருகினார். என்னென்னவோ கேட்டது. ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் படித்துப் பார்த்து அமுக்கினார். ஒரு கோடு மெல்ல நிரம்பிக்கொண்டே போனது. அமல்ராணி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். கோடு நிரம்பியது.

“ஏறிடுச்சுக்கா. பதினோரு பாட்டு. இனிமே பேட்டரி போனாலும் கவல இல்ல. போடட்டுங்களா?”

அவர் ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினார்.

முதலில் வந்தது மெதுவான ஒரு மெட்டு. ஒரு கட்டையும் அமுங்கவில்லை. சத்தம் மட்டும் வந்தது. வார்த்தையில்லை. அதுவே நின்று, அடுத்தது தொடங்கியது. இரண்டாவதும் ஐந்தாவதும் கோயிலில் பாடுகிற பாட்டுகள். மற்றவை இதுவரை கேட்டதே இல்லை என்றார் ஜெனித். நன்றாக இருக்கிறதா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. “நல்லா வாசிச்சிருக்காரா?” என்று கேட்டாள்.

“மாஸ்டர் எங்கயும் தாளம் தப்ப மாட்டாருக்கா.”

ஏழாவது தொடங்கியதும் ஜெனித் நிமிர்ந்தார். தவில் மாதிரி ஒரு குத்து, அதன் மேலே குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவன் நடை மாதிரி ஒரு மெட்டு, நடுநடுவே கோழி கொக்கரிக்கிறது போல ஒரு சத்தம். விழப்போவது போல வந்து விழாமல் தாண்டிப் போனது. ஜெனித் சிரித்துவிட்டார். அடுத்த நொடியே வாயைப் பொத்திக்கொண்டார். சமையலறையிலிருந்து சவுரியம்மாள் எட்டிப் பார்த்து, “எழவு வீட்ல இன்னா கூத்து இது?” என்றாள். பிறகு அவளும் கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று கேட்டாள். “சின்னதுல இவன் இப்படித்தான். ஒரு எடத்துல நிக்க மாட்டான். எல்லாரையும் பேஜார் பண்ணிக்கினு கெடப்பான்” என்றாள்.

இந்த வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்து அமல்ராணி பார்த்ததில்லை. இதை என்றைக்கு வாசித்தார், அப்போது தான் இதே கூடத்தில் எந்த மூலையில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் எந்த நாளாகவும் இருக்கலாம். ஓர் ஒயரைப் பிடுங்கியிருந்தால் கேட்டிருக்கும்.

பதினோராவது பாதியில் நின்றுவிட்டது. ஏறிக்கொண்டே போன மெட்டு, இறங்குவதற்குமுன் அப்படியே விட்டிருந்தது. மறுபடியும் தொடங்குமென்று மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

“முடிக்கல போல” என்றார் ஜெனித்.

சவுரியம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போனாள். மத்தியான பஸ்ஸுக்கு அவள் மூட்டை கட்ட வேண்டியிருந்தது.

“பன்னெண்டாவதுல?” என்று அமல்ராணி கேட்டாள்.

“அது காலிக்கா. இந்தச் செவப்ப அமுக்கினா பதிய ஆரம்பிச்சிடும்.”

“நாம பேசறதெல்லாமா?”

“பேச்செல்லாம் பதியாதுக்கா. கட்டயில வெரல் பட்டாத்தான்.” அவர் எழுந்து செருப்பை மாட்டினார். “ஆஃப் பண்ணிடட்டுங்களா?”

“இருக்கட்டும்.”

அவர் போனதும் அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தாள். அவ்வளவு கிட்டத்தில் அதன் முன் அவள் உட்கார்ந்ததில்லை. நடுவிலிருந்த சில கட்டைகளில் வெள்ளை மங்கியிருந்தது. சிவப்புப் பொத்தானைத் தேடி அமுக்கினாள். திரையில் ஒன்று என்று வந்தது. பிறகு இரண்டு. மூன்று.

கையை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே சவுரியம்மாள் துணி மடிக்கும் சத்தம் கேட்டது. பதினைந்து, பதினாறு என்று எண் ஏறிக்கொண்டே இருந்தது.